வேர்வை சாரும் நீல மூடியும்

கும்மிடிப்பூண்டியில் மனிதனை வேர்க்க வைப்பது ஒரு பெரிய விஷயமே இல்லை. மே மாதம் அதைச் செய்யும், ரப்பரைச் சூட்டில் அழுத்தி வார்க்கும் மோல்டிங் பிரஸ் செய்யும், ஆடிட் வருகிறது என்ற பேச்சு கூடச் செய்யும். ஆனால் வேர்த்து நின்ற ஆளைப் பார்த்து, “ரொம்ப நன்றிங்க” என்று கைகூப்பியவர் இந்தத் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து ஒரே ஒருவர்தான்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. முன்னால் இரண்டு இனிஷியல், பின்னால் வரிசையாகப் பட்டங்கள் என்று நீளமான பெயர். அதை யாரும் முழுதாகச் சொல்லிப் பார்க்கவில்லை. வந்த முதல் நாளே பிரஸ் பிரிவில் ஒருவர் முதுகில் சின்னதாக ஒரு பஞ்சுப் பட்டையை ஒட்டினார். ஷிப்ட் முடிகிறவரை காத்திருந்து, அதைச் சாமணத்தால் பிடித்து எடுத்து, டப்பாவில் போட்டு மூடி, ஐஸ் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தார். பிறகுதான் அந்த நன்றியும் கைகூப்பலும். சாயங்காலத்துக்குள் அவர் ‘வேர்வை சார்’ ஆகிவிட்டார்.

நான் அப்போது அந்தக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். கார் கதவுகளுக்குப் போகிற ரப்பர் பட்டைகளில் வெட்டு, குமிழி இருந்தால் ஒதுக்கித் தள்ளுகிற வேலை. நாள் முழுக்கக் குறை கண்டுபிடிக்கிறவளுக்கு, ஒருத்தர் எதையோ இவ்வளவு ஆசையாகச் சேகரிக்கிறாரே என்று ஒரே ஆச்சரியம். டீ நேரத்தில் போய்க் கேட்டே விட்டேன்.

“இது எதுக்கு சார்?”

அப்படி யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் டீ ஆறிவிடும். சென்னையில் உடற்பயிற்சி அறிவியலில் பிஎச்.டி. செய்கிறாராம். விளையாடுகிறவர்கள் என்ன குடிக்க வேண்டும், எவ்வளவு குடிக்க வேண்டும் என்று உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறதாம். “ஆனா யாரை வெச்சுப் பண்றாங்க? ஏசி ரூம்ல, டிரெட்மில்லுல ஓடற காலேஜ் பசங்களை வெச்சு. காலையிலேர்ந்து பிரஸ் ஓட்டிட்டு, அப்புறம் வந்து கபடி ஆடறவருக்கு அந்த ரிசல்ட் பொருந்துமான்னு யாருமே பார்க்கலைங்க.” சொல்லும்போது அவர் முகம் கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தி திறந்துவிட்ட மாதிரி மலர்ந்திருந்தது.

எங்கள் கம்பெனிக்கு ஒரு கபடி டீமும், பெண்களுக்குத் த்ரோபால் டீமும் உண்டு. முதல் ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் பயிற்சி. வேர்வை சார் எடை மெஷினைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தார். ஆடுவதற்கு முன்னால் எடை, ஆடி முடித்ததும் எடை. குறைந்த எடைதான் வேர்வையாகப் போனது. இதில் சிக்கல் என்னவென்றால் நடுவில் ஒன்றுக்குப் போனால் கணக்குக் கெட்டுவிடும். அதனால் கட்டையாக மீசை வைத்த ஆட்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி, “போயிட்டு வந்துட்டீங்களா? நிஜமாவே போயிட்டீங்களா?” என்று எல்.கே.ஜி. டீச்சர் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்து ஒரு அட்டை கொண்டுவந்து கழிவறைச் சுவரில் ஒட்டினார். வெளிர் மஞ்சளில் ஆரம்பித்து மரப் பழுப்பு வரை கட்டம் கட்டமாக நிறங்கள். உடம்பில் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறதா என்று அவரவர் சிறுநீரின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அட்டையில் விளக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. மறுநாள் பராமரிப்புப் பிரிவிலிருந்து பெயின்டர் வந்து, கடைசிக்கு முந்தின கட்டத்தைக் காட்டி, “சார், சொவுத்துக்கு இந்த ஷேடுதானே? ரெண்டு கோட்டு அடிச்சா இன்னும் கொஞ்சம் டார்க்கா வரும்” என்றார்.

வேர்வை சார் சிரிக்கவில்லை. ரொம்ப யோசித்து, “தமிழ்ல எழுதாதது என் தப்புதாங்க” என்றார். அன்றைக்கே தமிழில் எழுதி ஒட்டினார்.

அதையும் மிஞ்சியது அவருடைய ‘கஷ்ட அளவு’. ஆடி முடித்து மூச்சு வாங்கும்போது, எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று நம்பரில் சொல்ல வேண்டும். அந்த அளவு ஆறில் தொடங்கி இருபதில் முடியும்.

கபடி கேப்டன் முனுசாமிக்கு இது பொறுக்கவில்லை. “இன்னா சார் ஆறுலேந்து ஸ்டார்ட் பண்ற? மொதல் அஞ்ச யாரு துன்னுட்டாங்க?”

“அது வந்துங்க, நீங்க சொல்ற நம்பரோட ஒரு சைபர் சேர்த்தா, ஏறக்குறைய உங்க நாடித் துடிப்பு வரும். சும்மா உட்கார்ந்திருந்தாலே இதயம் அறுபதுக்குக் கிட்ட துடிக்கும் இல்லையா, அதான் ஆறு.”

முனுசாமி கொஞ்ச நேரம் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை. ஆனால் பதிலும் ஒழுங்காகச் சொல்லவில்லை. நாக்கு வெளியே தொங்க, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, “ஆறு சார்” என்பார். மார்பில் கட்டியிருந்த இதயத் துடிப்புப் பட்டையோ வேறு கதை சொல்லும். இரண்டு வாரம் இந்தப் புதிரோடு மல்லுக்கட்டிய வேர்வை சார், ஒருநாள் தலையைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்துக் கோர்ட்டில் த்ரோபால் டீம் பயிற்சி செய்துகொண்டிருந்தது. மறுநாளிலிருந்து கேள்வி கேட்கும் இடத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாற்றினார். அங்கே முனுசாமி சுவரில் சாய்ந்து, “பத்தொம்போது சார். ஊட்டுக்குப் போய்க்கிறேன் சார்” என்றார்.

“பார்த்தீங்களா மேகலா மேடம்?” என்று என்னிடம் ஓடிவந்தார். “மனுஷன் சொல்ற பதில், பக்கத்துல யார் இருக்காங்கன்றதைப் பொறுத்தது. மெஷின்ல இது வராது.”

இந்தக் கூத்தை எல்லாம் கோர்ட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எஸ்தர் அக்கா. த்ரோபால் கேப்டன். ஆரம்பாக்கத்திலிருந்து வேலைக்கு வருபவர். பிரஸ் பிரிவில் முதல் பெண் ஆபரேட்டர். குரலை உயர்த்தாமலே ஆளை நிறுத்திவிடுவார். ஒருநாள் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக வந்தார்.

“ஏன் சார், ஆம்பளைங்களுக்கு மட்டும் எட போட்டுக்கினு கீற. எங்களுக்கு வேர்க்கலியா?”

வேர்வை சார் எழுந்து நின்றார். அந்த விஷயத்தில் அவருக்கே கொஞ்சம் கூச்சம் இருந்தது போல. “இல்லைங்க, இந்தத் துறைல பொதுவா... நிறைய ஆராய்ச்சி ஆண்களை வெச்சுதான் நடந்திருக்கு. பெண்களுக்கு மாசத்துல நாளுக்கு நாள் உடம்பு நிலை மாறும். அது அளவுகளைக் குழப்பும்னு விட்டுடறாங்க.”

“கொழப்புமா?”

“ஆமாங்க.”

“அந்த நாள்ல நாங்க பிரஸ் ஓட்டாம குந்திக்கினு கீறமா? அன்னிக்கும் அதே சூடுதானே சார். அன்னிக்கு உடம்பு இன்னா ஆவுதுன்னு நீ பாக்கலன்னா வேற யாரு பாப்பாங்க?”

அவர் எடை மெஷினைப் பார்த்தார், எஸ்தர் அக்காவைப் பார்த்தார். மறுநாள் ஆளைக் காணோம். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று பேசிக்கொண்டோம். அவரோ சென்னைக்குப் போய், ஆராய்ச்சித் திட்டத்தையே திருத்தி எழுதி, பெண்களையும் சேர்க்க அனுமதி தாருங்கள் என்று நெறிமுறைக் குழுவின் வாசலில் உட்கார்ந்துவிட்டார். அனுமதி வர ஒரு மழைக்காலமே போய்விட்டது. திரும்பி வந்தபோது, பெண்களிடம் கேள்வி கேட்க ஒரு பெண் வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். மறுக்கத் தோன்றவில்லை. எனக்கும் அந்தப் பதில்கள் தெரிய வேண்டியிருந்தது.

சேருகிறவர்களுக்கு முதலில் ஒப்புதல் படிவத்தை உரக்கப் படிப்பார். அதில் ஒரு வரி எங்கள் ஆட்களை உலுக்கிவிட்டது. ‘எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், நீங்கள் விலகிக்கொள்ளலாம்.’

“காரணம் சொல்லாமயா?” என்றார் முனுசாமி.

“சொல்ல வேண்டியதில்லைங்க.”

நாங்கள் வேலை பார்த்த இடத்தில் அரை நாள் லீவுக்கே அக்கா பிரசவம், பாட்டி சாவு என்று ஆள் வைத்துக் காரணம் தேட வேண்டும். இந்த வரி உண்மையா என்று சோதிக்காமல் எப்படி விடுவது? முனுசாமி ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் பட்டையைக் கழற்றி நீட்டினார். “நான் வெலகிக்கிறேன் சார்.” வேர்வை சார் வாங்கிக்கொண்டு, “சரிங்க, இவ்வளவு நாள் வந்ததுக்கு நன்றி” என்றார். முனுசாமிக்கு அதிர்ச்சி. “ஏன்னு கேக்க மாட்டியா?” என்றார். “கேட்கக் கூடாதுங்க.” அந்த வாரம் முனுசாமியின் முகமே சரியில்லை. தானாகவே திரும்பி வந்து, திரும்ப எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கச் சொல்லிக் கேட்டு, கையெழுத்துப் போட்டார்.

பிறகு ஆரம்பித்ததுதான் மூடிச் சண்டை. பயிற்சிக்கு முன்னால் குடிக்க இரண்டு வகை ஜூஸ். பாட்டில் ஒன்றுதான். மூடி மட்டும் நீலம், மஞ்சள். ஒன்றில் உப்பும் சர்க்கரையும் கணக்காகச் சேர்த்த நிஜமான பானம். இன்னொன்று அதே ருசி வருகிற வெறும் தண்ணீர். எது எதுவென்று குடிக்கிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற வேர்வை சாருக்கும் தெரியாது. சென்னையில் இருக்கும் அவருடைய கைடுக்கு மட்டுமே தெரியும். சில வாரம் இது, சில வாரம் அது என்று ஒவ்வொருவரும் இரண்டையும் குடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஓட்டப் பரீட்சை.

இரண்டாவது சுற்றிலேயே முனுசாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார். “நீலம்தான் மால். உள்ள போன ஒடனே ஜிவ்வுன்னு ஏறுது.” நீல மூடி வாரத்தில் அவர் நிஜமாகவே சிறுத்தை மாதிரி ஓடினார். மஞ்சள் வாரத்தில் கால் வலி, முதுகு வலி, பேஜாரு. கேன்டீனில் இரண்டு கட்சியே உருவாகிவிட்டது. நீல மூடிக்காரர் ஒருவர் மிச்சம் வைத்ததை மஞ்சள் மூடிக்காரர் ஒருவர் பரோட்டா வாங்கிக் கொடுத்துக் குடித்தார் என்று கேள்விப்பட்டு வேர்வை சார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த இருவரையும் திட்டவில்லை. இனிமேல் தன் எதிரிலேயே குடித்து, பாட்டிலைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும் என்று விதி போட்டார்.

இதற்கிடையில் வேலை நேரத்திலும் பட்டையைக் கட்டச் சொல்லி இதயத் துடிப்பை எடுத்திருந்தார். அதில் தெரிந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை. எஸ்தர் அக்காவின் இதயம் த்ரோபால் ஆடும்போது உழைத்ததைவிட, பிரஸ்ஸில் மதியச் சூட்டில் அதிகமாக உழைத்திருந்தது. ஆட வருவதற்கு முன்னாலேயே அவர் ஒரு முழு மேட்ச் ஆடி முடித்துவிடுகிறார் என்று வரைபடத்தை விரலால் தடவித் தடவி எங்களுக்குக் காட்டினார்.

அந்த வரைபடம் ஹெச்.ஆர். மேனேஜரின் கண்ணிலும் பட்டது. வேர்வை சாரைக் கூப்பிட்டுவிட்டார். சாம்பிள் ரப்பர் பட்டையோடு நானும் அந்த அறையில் நின்றதால் நடந்ததை நேரில் பார்த்தேன்.

“ரொம்ப யூஸ்ஃபுல்லா இருக்கு சார் உங்க வொர்க்” என்றார் மேனேஜர். “யாரோட ஹார்ட் எந்த டைம்ல சும்மா இருந்துச்சு, அதை மட்டும் பேரோட குடுத்துடுங்க. போதும்.”

வேர்வை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஹார்ட் சும்மா இருந்தா ஆள் செத்துட்டார்னு அர்த்தங்க. அப்படி யாரும் இல்லை.”

“ஜோக் வேண்டாம் சார். ஐடில் டைம், வேலை பார்க்காம இருந்த நேரம் கேக்கறேன்.”

“அது தெரியாதுங்க. துடிப்பு குறைஞ்சா ஒருத்தர் நல்ல உடற்தகுதியோட இருக்கலாம். தண்ணி குடிச்சிருக்கலாம். பட்டை நழுவியிருக்கலாம். சோம்பேறித்தனத்தை அளக்கற மெஷின் இது இல்லை.” ஒரு வகுப்பே எடுத்தார். முடிவில் குரலை இறக்கி, “அதோட, பேரைச் சொல்ல மாட்டேன்னு அவங்களுக்குப் படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கேன். குடுக்க முடியாதுங்க” என்றார்.

மறுநாள் காலை எடை மெஷினோடு அவர் கேட்டில் நின்றார். செக்யூரிட்டி சங்கடத்தோடு நெளிந்தார். அனுமதி ரத்து. கடைசி ஓட்டப் பரீட்சை பாக்கி. அது இல்லாவிட்டால் இத்தனை நாள் வேலையும் அரைகுறை. பிஎச்.டி. முடித்தால்தான் ஒரு கல்லூரியில் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அன்றைக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஷிப்ட் முடிகிறவரை ரோட்டோரப் புளியமரத்தடியில் காத்திருந்து, வெளியே வந்த ஒவ்வொருவரிடமும், “உங்க பேர் எதுவும் வெளிய போகலைங்க. பயப்படாதீங்க. நான் கிளம்பறேன்” என்று சொன்னார்.

எஸ்தர் அக்கா கேட்டார். “ஓடறதுக்கு கம்பெனி கிரவுண்டுதான் வோணுமா சார்?”

“சமமான இடம் எதுவா இருந்தாலும் சரிங்க.”

“அப்ப ஞாயித்துக்கெழம எங்க ஊருக்கு வா. சர்ச் முடிஞ்சதும் வெச்சிக்கலாம்.”

பதறிப்போனார் அவர். “யாரும் எனக்காகக் கட்டாயமா வரக் கூடாது. அவங்கவங்க இஷ்டம். வரலைன்னாலும்...”

“காரணம் சொல்லத் தேவல. தெரியும் சார்” என்றார் எஸ்தர் அக்கா.

ஆரம்பாக்கத்தில் அறுவடை முடிந்த வயலை ஒட்டி ஒரு பொட்டல். அங்கே சுண்ணாம்பால் இரண்டு கோடு. பீப் சத்தம் கேட்கும்போது இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். போகப் போக பீப் நெருங்கி நெருங்கி வரும். எட்ட முடியாதவர் வெளியே. வேர்வை சாரின் குட்டி ஸ்பீக்கர் வயல்காற்றில் எடுபடவில்லை. எஸ்தர் அக்காவின் தம்பி சர்ச்சிலிருந்து லவுட் ஸ்பீக்கரைக் கேட்டு வாங்கி வந்தார். பீப் என்று அது முதல் சத்தம் போட்டதும், ரோட்டில் போன நாலைந்து பைக்குகள் ஏதோ லாரி ரிவர்ஸ் வருகிறது என்று ஓரம் கட்டி நின்றன. என்ன நடக்கிறது என்று பார்க்க ஊரே நாஷ்டாவை முடித்துக்கொண்டு வந்துவிட்டது. எருமை ஒன்று கோட்டின் நடுவில் வந்து நின்றது. அதை நகர்த்திவிட்டு, டெஸ்ட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

ஒருத்தர் கூட வராமல் இல்லை.

ஓடினார்கள். நீலம் குடித்தவர்களும் ஓடினார்கள், மஞ்சள் குடித்தவர்களும் ஓடினார்கள். வழக்கமாக முதல் சில சுற்றிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் கூட உட்காரவில்லை. அன்றைக்கு மஞ்சள் மூடி கிடைத்த முனுசாமி, பீப்புக்கு முந்தியே கோட்டை மிதித்துக்கொண்டிருந்தார். எஸ்தர் அக்கா கடைசி வரை தாக்குப்பிடித்தார். முடிந்ததும் மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டு, “இருவது சார்” என்றார்.

வேர்வை சார் முகத்தில் சந்தோஷமும் கலக்கமும் மாறி மாறி வந்தன. “என்ன சார்?” என்றேன்.

“எல்லாருமே இதுவரைக்கும் ஓடாத தூரம் ஓடியிருக்காங்க மேடம். ரெண்டு மூடியும். இனிமே ஜூஸ் என்ன பண்ணுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?”

அப்படியேதான் ஆனது. கைடு போனில் ரகசியத்தை உடைத்தார். மஞ்சள்தான் நிஜமான பானம். நீலம் எலுமிச்சை வாசனை போட்ட வெறும் தண்ணீர். முனுசாமி இதை இன்றுவரை ஏற்கவில்லை. மூடியை யாரோ மாற்றிவிட்டார்கள் என்பது அவருடைய கட்சி. ஆரம்பாக்கத்துக்கு முந்திய சுற்றுகளில் மஞ்சளுக்குக் கொஞ்சம் சாதகம் தெரிந்ததாம். கடைசி நாளைச் சேர்த்தால் வித்தியாசம் கரைந்துபோகிறது. இடம் வேறு, கூட்டம் வேறு, அந்த நாளை விட்டுவிடலாமே, சீக்கிரம் பட்டம் வாங்கிவிடலாமே என்று கைடு நயமாகச் சொல்லிப் பார்த்தார். “அவங்க ஓடினாங்க சார். ஓடலைன்னு எப்படி எழுதறது?” என்றார் இவர். வித்தியாசம் எதுவும் இல்லை என்று முடிகிற ஆராய்ச்சியைப் போட எந்தப் பத்திரிகையும் ஆசைப்படவில்லை. அலைந்தார். பட்டம் தள்ளிக்கொண்டே போனது.

ஒருவழியாக வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருந்ததால், எஸ்தர் அக்காவும் முனுசாமியும் நானும் முதல் ஷிப்ட் முடித்து யூனிஃபார்மோடு லோக்கல் ரயில் பிடித்துப் போய் பின்வரிசையில் உட்கார்ந்தோம். வெளியூரிலிருந்து வந்திருந்த பரீட்சையாளர் தாள்களைப் புரட்டிவிட்டு, நாங்கள் பயந்துகொண்டிருந்த இடத்துக்கே வந்தார்.

“கடைசி டெஸ்ட்டில் மட்டும் இரண்டு பிரிவும் இவ்வளவு முன்னேறியிருக்கிறதே. என்ன காரணம்?”

வேர்வை சார் தரையின் தன்மையைச் சொன்னார், காலை நேரக் குளிர்ச்சியைச் சொன்னார், பார்வையாளர்களைச் சொன்னார். ஒவ்வொன்றும் இவ்வளவு வித்தியாசத்தைக் கொடுக்காது என்று அவரே ஒத்துக்கொண்டார். பிறகு திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

“அவங்களுக்கு என்னைப் பிடிச்சுப் போச்சு போலங்க.”

அறையில் சிரிப்பு எழுந்தது. பரீட்சையாளர் சிரிக்கவில்லை. “அதை அளந்தீர்களா?”

“இல்லைங்க. அதுக்கான கருவி எங்கிட்ட இல்லை. அதைக் குறைபாடுன்னே எழுதியிருக்கேன்.”

பரீட்சையாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “நேர்மையான ஆராய்ச்சி” என்றார். எஸ்தர் அக்கா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வைதான் என்றார். அந்த அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அவர் தெற்கே ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறார். நானும் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டு, உட்கார்ந்து எழுதுகிற வேலைக்கு வந்துவிட்டேன். வெயில் ஏறினால் அவரிடமிருந்து போன் வரும். நலமா, குடும்பம் எப்படி என்றெல்லாம் கேட்கத் தெரியாது. “மேடம், இன்னிக்குத் தண்ணி குடிச்சீங்களா?” என்பார். குடித்துவிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன். அவரிடம் போய்ப் பொய் சொல்லலாமா என்று, உடனே எழுந்து போய் ஒரு சொம்பு நிறையக் குடித்துவிட்டு வருவேன்.